கொளஞ்சி சொன்ன சாட்சி

சிறப்பு விருந்தினர் இன்னும் வந்தபாடில்லை.

சுதந்திர தினம். கொடியேற்ற வேண்டிய மனிதர் வேறு ஊர்களில் கொடியேற்றிவிட்டு வந்துகொண்டே இருந்தார். நாங்கள் பள்ளி மைதானத்தில் காய்ந்துகொண்டிருந்தோம். செந்துறைப் பக்கத்து வெயில் ஆகஸ்ட் மாதம் என்றெல்லாம் பார்க்காது. டான்ஸ் ஆட நின்ற பிள்ளைகளின் முகத்தில் பூசிய ரோஸ் பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியது. "நேரா நில்லு, நேரா நில்லு" என்று கத்திக் கத்தி எனக்கே தொண்டை வற்றிவிட்டது.

முன்வரிசையில் நின்ற சத்யா பொத்தென்று விழுந்தாள்.

ஏழாம் வகுப்பு. ஆடப் போகிற சந்தோஷத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். ஓடிப்போய்த் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். யாரோ நீட்டிய பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்தேன். நெற்றியில் இருந்த திருநீறு தண்ணீரோடு கரைந்து வழிந்தது. கையால் துடைத்தேன். பிறகு என் கட்டைவிரல் பாட்டுக்கு அவள் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டது. வாய் "இயேசு மரி சூசை" என்றது.

அவள் கண் திறந்தாள். சுவரோரம் பெண்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த அவள் அம்மா கொளஞ்சி அப்போதுதான் ஓடி வந்து, மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். குளுக்கோஸ் பிஸ்கட் கொடுத்தோம். கடைசியில் அந்தப் பெண் ஆடவும் செய்தாள். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

நடந்தது இவ்வளவுதான். சத்தியமாக இவ்வளவுதான்.

என் மேல் விழுந்த பழியைப் பற்றி எழுதலாம் என்றுதான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்ததும் மனசு கேட்கவில்லை. பழி என் மேல் வந்தது, போனது. ஊரை இழந்தவள் கொளஞ்சி. அதனால் இது அவள் கதை.

கட்டைவிரல் பழக்கம்

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி மாதிரி. நான் பிறந்தது வரதராஜன்பேட்டையில். அப்பா எதற்கெடுத்தாலும் நெற்றியில் சிலுவை போடுவார். பரீட்சைக்குப் போனால் சிலுவை. பஸ் ஏறினால் சிலுவை. தும்மினால்கூடச் சிலுவை. சந்தைக்கு ஓட்டிப்போகிற கன்றுக்குட்டிக்கும் ஒன்று போட்டுத்தான் அனுப்புவார்.

என் கல்யாணத்தன்று பவுடர் கலைந்துவிடும் என்று முகத்தைத் திருப்பினேன். "ஏண்டி, பவுடரா ஒன்னக் காப்பாத்தப் போவுது?" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் போட்டார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல். நெற்றி எரியும்.

வாய்த்த புருஷனும் அப்படியே. ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் சவரிமுத்து கொள்ளிடக்கரை விவசாயி. மோட்டார் கொட்டகைக்குப் போனால் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் மோட்டாருக்கு ஒரு சிலுவை போடுவார். "கரண்டு இருக்கான்னு பாருங்க மொதல்ல" என்பேன்.

முதல் வேலை எனக்குப் பெரம்பலூர் பக்கம், ரஞ்சன்குடிக்கு அருகில் ஒரு சின்னப் பள்ளியில். அங்கே பஸ் ஸ்டாப்பில் பெண்கள் கைக்குழந்தையோடு காத்திருப்பார்கள். "டீச்சர், புள்ள ராவெல்லாம் ஒறங்கல, ஒரு சிலுவ போட்டு வுடுங்க" என்பார்கள். அந்தக் குழந்தையின் நெற்றியில் ஏற்கெனவே பூசாரி இட்ட திருநீறு இருக்கும். கையில் தர்காவில் கட்டிய கயிறு இருக்கும். நானும் என் பங்குக்குப் போட்டுவிட்டு பஸ் ஏறுவேன். குழந்தை தூங்கியதா என்று மறுநாள் விசாரிப்பேன். யார் போட்டது பலித்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு எண்ணெய் வாங்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் வேதக்காரர்கள் இல்லை. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். அந்த வார்த்தையில் அப்போது முள் எதுவும் இருக்கவில்லை.

கைபேசியில் நான்

கொடியேற்றம் நடந்த அந்தச் செந்துறைப் பக்கத்து ஊரில் ஓர் இளைஞன். பேர் வேண்டாம், இப்போது அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாயந்திரமானால் கூட்டாளிகளோடு பள்ளி வராண்டாவில் உட்கார்ந்து குடிப்பான். காலையில் பிள்ளைகள் வெறுங்காலோடு வந்து பாட்டில் சில்லை மிதித்தார்கள். நான் பஞ்சாயத்துத் தலைவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். தலைவர் அவனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அதிலிருந்து என்னைக் கண்டால் அவன் காறித் துப்புவான்.

கொடியேற்றத்தை எல்லாரும் படம் பிடித்தார்கள். அவனும் பிடித்திருக்கிறான். பெண் விழுந்ததை வெட்டிவிட்டான். கண் திறந்ததையும் வெட்டிவிட்டான். நான் தண்ணீர் ஊற்றுவது, திருநீறைத் துடைப்பது, சிலுவை போடுவது, இது மட்டும்தான் மிச்சம். "அரசுப் பள்ளியில் ஞானஸ்நானம்" என்று மேலே எழுதி வாட்ஸ்அப்பில் விட்டான்.

படத்தை எனக்கே யாரோ அனுப்பினார்கள். பார்த்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் பள்ளிக்குப் போனால் தினமும் "குட்மார்னிங் டீச்சர்" சொல்கிற பையனை அவன் அம்மா சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். என் ஸ்கூட்டியில் காற்று இல்லை. டீக்கடையில் பேச்சு நின்றது. கலெக்டர் ஆபீசில் மனுவும் கொடுத்துவிட்டார்கள். படிக்கிற பிள்ளைகளை ஏமாற்றி மதம் மாற்றுகிறேனாம், பாடத்துக்கு நடுவே ஜெபம் சொல்லிக் கொடுக்கிறேனாம். பின்னப் பெருக்கல் சொல்லிக் கொடுக்கவே எனக்கு நேரம் போதவில்லை, இதில் ஜெபம் வேறா!

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று சிரிக்கவில்லை. என் பிள்ளைகள் என்று நினைத்திருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள்.

தலைமையாசிரியர் ராமலிங்கம் சார் நல்ல மனுஷர், ஆனால் எதற்கும் நடுங்குகிறவர். "விசாரணைக்கு ஆபீசர் வராரும்மா. பாத்துப் பேசுங்க. ஸ்கூல் பேரு கெடாம பாத்துக்கங்க" என்றார்.

ஆளுக்கொரு யோசனை

எங்கள் கோயில் பங்குச்சாமியாரிடம் போனேன். "அம்மா, நம்ம ஆண்டவர் மேல பொய்ச்சாட்சி சொன்னப்போ அவர் வாயே திறக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. எல்லாத்தையும் அவர் பாத்துக்குவார்" என்றார்.

வாய் திறக்காமல் இருப்பதா, நானா! என்னைப் படைத்தவருக்கே அது தெரியும்.

திருச்சியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் அண்ணன் போனில் சொன்னார்: "சிலுவையே போடலன்னு சொல்லு. நெத்தித் தண்ணிய தொடச்சேன்னு சொல்லு. வீடியோவுல அவ்வளவு தெளிவா தெரியாது."

சவரிமுத்து மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டே, "போட்டியா? போட்டேன்னு சொல்லு. பழக்கத்துல வந்துச்சுன்னு சொல்லு. வேல போனா போவட்டும், நெல்லு இருக்கு" என்றார். எனக்கு இதுதான் பிடித்தது.

விசாரணைக்கு முந்தின நாள் சாயந்திரம் பள்ளி விட்டு ஸ்கூட்டியை எடுக்கும்போது கொளஞ்சி வந்தாள். புருஷன் போன பிறகு முந்திரிக் காட்டு வேலைக்குப் போய் ஒற்றைப் பெண்ணை வளர்க்கிறவள். அதிகம் பேச மாட்டாள். அன்றும் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"நாளைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க டீச்சர்."

"வா. பாத்தத சொல்லு. பயப்படாத."

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நா பாத்துக்கறேன்."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "நீ என்னாத்த பாத்துக்குவ, போ புள்ள" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

விசாரணை

தலைமையாசிரியர் அறை சின்னது. மேஜைக்குப் பின்னால் ஆபீசர். இந்தப் பக்கம் ஊர் நாட்டாமை கலியபெருமாள், தோளில் துண்டோடு. அவரைச் சுற்றி ஊரார். அந்த இளைஞன் ஜன்னலுக்கு வெளியே நின்றான். கொளஞ்சி கதவோரம், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றாள். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவளுக்குப் போடவில்லை.

ஆபீசர் வீடியோவை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். பிறகு கொளஞ்சியைக் கேட்டார்: "ஒன் பொண்ணுக்கு இந்த டீச்சர் சிலுவை போட்டாங்களாம்மா?"

"போட்டாங்கய்யா."

ஊரார் பக்கம் சலசலப்பு.

"நாந்தாங்கய்யா போடச் சொன்னேன்" என்றாள். "புள்ள பேச்சு மூச்சில்லாம கெடந்துச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. டீச்சர், ஒரு சிலுவ போடுங்கன்னு நாந்தான் கேட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்லங்கய்யா."

ஆபீசரின் முகம் தெளிந்துவிட்டது. தாயே கேட்டாள் என்றால் கேஸ் ஏது? பேனாவைத் திறந்துகொண்டே என் பக்கம் திரும்பி, "அப்படித்தானேம்மா?" என்றார்.

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் வந்து சேரும்போதே நான் சிலுவையைப் போட்டு முடித்திருந்தேன். ஒரு பொய்யின் மறைவில் தப்பிக்கக் கூடாது என்று மனசில் அப்படி ஒரு வேகம். ஞாயிறுதோறும் கேட்டதெல்லாம் அந்த நிமிஷத்துக்காகத்தான் என்று தோன்றியது. எழுந்தே நின்றுவிட்டேன்.

"இல்ல சார். அவங்க கேக்கல. நானாத்தான் போட்டேன். எங்க அப்பா காலத்துலேருந்து பழக்கம், கை தன்னால போயிடுச்சு. மதம் மாத்தணும்னு நெனச்சுப் போடல. என் சொந்தப் புள்ள விழுந்திருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். இதுதான் உண்மை."

"நேர்மையா பேசுறீங்க. சந்தோஷம்" என்றார் ஆபீசர். அரசுப் பள்ளியில் கவனமாக நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி எழுதி முடித்துவிட்டார். மதமாற்றம் எதுவும் நடக்கவில்லை என்றும் எழுதினார்.

ஜெயித்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். கதவுப் பக்கம் திரும்பியபோது கொளஞ்சி அங்கே இல்லை.

கோயிலில் பாராட்டு

நிர்வாகக் காரணம் என்று என்னை மாற்றினார்கள். தண்டனைதான். ஆனால் மாற்றியது எங்கே? திருமானூர் பக்கம், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வருஷக்கணக்காக நான் கேட்டுக் கிடைக்காத இடம்!

அந்த ஞாயிறு பூசையில் சாமியார் பிரசங்கத்தில் என்னைப் பற்றிப் பேசினார். பேர் சொல்லவில்லை, ஆனால் கோயிலே திரும்பி என்னைத்தான் பார்த்தது. விசுவாசத்துக்காகத் துன்பப்படுகிறவர்கள், உண்மைக்குச் சாட்சி சொல்கிறவர்கள் என்றெல்லாம் சொன்னார். வாய் திறக்காதே என்று எனக்குச் சொன்ன அதே சாமியார். வெளியே வந்ததும் ஆள் ஆளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

சவரிமுத்து மட்டும் வரும் வழியில், "அந்தப் பொண்ணு என்னா ஆனா?" என்று கேட்டார்.

"எந்தப் பொண்ணு?"

"ஒனக்காகப் பேசுனவ."



வரி வாங்காத வீடு

மூன்று வருஷம் கழித்து, ராமலிங்கம் சார் ஓய்வுபெற்ற விழாவுக்குப் போனபோதுதான் கொளஞ்சிக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்தது. சத்துணவுக்கூட ஆயாதான் சொன்னார்.

நான் வெளியே வந்த அன்றே ஊரில் பேச்சு ஆரம்பித்துவிட்டதாம். டீச்சரே ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் இவ எதுக்குப் பொய் சொன்னா? என்ன குடுத்தாங்க? சும்மா சொல்வாளா? அவளும் வேதத்துல சேந்துட்டா, புள்ளயவும் சேத்துட்டா, அதான் அந்தப் பொம்பளைக்கு வக்காலத்து.

மாரியம்மன் திருவிழாவுக்கு வீடு வீடாக வரி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அவள் வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். இவள் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். "வேதக்காரங்ககிட்ட சாமி வரி வாங்கறதில்ல" என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். கோயில் வரி வாங்கவில்லை என்றால் அந்த வீடு ஊரில் இல்லை. பொங்கல் வைக்க முடியாது. அம்மன் தேர் அந்த வாசலில் நிற்காது. நல்லது கெட்டதுக்கு அழைப்பு இல்லை. முந்திரிக் காட்டு வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள். கொளஞ்சி கொஞ்ச மாதம் தாக்குப்பிடித்துப் பார்த்திருக்கிறாள். பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆயா சொல்லி முடித்தபோது என் கையில் இருந்த கேசரி ஆறிப்போயிருந்தது.

வேதக்காரி என்று சொல்லி ஊரை விட்டு ஒதுக்கினார்கள். யாரை? ஏலாக்குறிச்சியில் நிம்மதியாகப் பூசை பார்க்கிற என்னையா? மாரியாத்தாளைத் தவிர வேறு சாமி தெரியாத கொளஞ்சியை! எனக்கு வந்திருக்க வேண்டிய துன்பம் விலாசம் மாறி அவள் வீட்டுக்குப் போயிருக்கிறது. எனக்குப் பிரசங்கத்தில் பாராட்டு. ஐயோ, என்ன நியாயம் இது என்று அன்று வண்டியில் வரும்போது வாய்விட்டு அழுதேன்.

சோளத்துக்குப் பக்கத்தில்

அவள் தம்பி ஊர் ரஞ்சன்குடிக்கு அந்தப் பக்கம். அரியலூர் போய், பெரம்பலூர் பஸ் மாறிப் போனேன். அறுவடைக் காலம். சாலையோரம் நெடுக மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். கொளஞ்சி காலால் சோளத்தைத் தள்ளித் தள்ளிக் கிண்டிக்கொண்டிருந்தாள். கறுத்திருந்தாள், மெலிந்திருந்தாள்.

"டீச்சரா! வாங்க, வாங்க. வெயில்ல வந்துருக்கீங்களே" என்று தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, தரையைத் தட்டி விரித்தாள். சத்யா பெரம்பலூரில் பத்தாவது படிக்கிறாளாம். அது ஒன்றுதான் என் வயிற்றில் பால் வார்த்தது.

"எனக்காகப் பொய் சொல்லப்போயி ஒனக்கு இப்படி ஆயிடுச்சே கொளஞ்சி" என்று ஆரம்பித்தேன்.

"பொய்யா?" என்றாள்.

சோளத்தைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நா பொய் சொல்லல டீச்சர். புள்ள வுழுந்தப்ப செவுத்தோரம் நின்னேன்ல, என் கால் எழும்பவே இல்ல. நீங்க தண்ணி அடிச்சீங்க. அதுக்கும் முழிக்கல. டீச்சர் ஒரு சிலுவ போடுங்க, டீச்சர் ஒரு சிலுவ போடுங்கன்னு அங்க நின்னுக்கிட்டே ஒங்களத்தான் கும்புட்டேன். எங்க மாரியாத்தாளயும் கூப்புட்டேன். சத்தம் வெளிய வரல, அவ்ளோதான். நீங்க போட்டீங்க. புள்ள கண்ண முழிச்சா. அப்பறந்தான் என் காலே நகந்துச்சு."

லாரி ஒன்று போனது. சாலையில் சிதறிய சோளத்தைக் கையால் கூட்டி ஒதுக்கினாள்.

"நா கேட்டது நெசம். அத இல்லன்னு சொல்லிட்டீங்களே டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்துபோய், எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஊருக்குத் திரும்பப் போகணும்னு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்காதா பின்ன? வூடு கெடக்கு. ஆத்தாளுக்கு ஒரு பொங்கல் வச்சாப் போதும் எனக்கு. அவ என்னா பண்ணா பாவம், அவளும் என்னக் காணாம இருப்பா."

"நான் போய் நாட்டாமைகிட்ட சொல்றேன்."

"சொல்லிப் பாருங்க" என்றாள். அந்த முகத்தில் ஆசை வந்துவிட்டது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நாட்டாமை கேட்டது

மறுநாளே செந்துறை பஸ் பிடித்தேன். கலியபெருமாள் களத்துமேட்டில் இருந்தார். மரியாதையாகத்தான் நடத்தினார். கயிற்றுக்கட்டிலில் உட்காரச் சொல்லி, மோர் கொண்டுவரச் சொன்னார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கொளஞ்சி மதம் மாறவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவில்லை, அவள் பொய்யும் சொல்லவில்லை, மனசார வேண்டிக்கொண்டதைத்தான் சொன்னாள், எனக்குத்தான் அன்று தெரியவில்லை. அவளிடம் வரி வாங்குங்கள், ஒரு பொங்கல் வைக்க விடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒங்க பேர்ல எங்களுக்கு இப்ப ஒரு கோவமும் இல்ல. பழிய வேற ஒருத்தர் மேல போடாம, நாந்தான் செஞ்சேன்னு எந்திரிச்சு நின்னு சொன்னீங்க பாருங்க, இந்த ஊரே அசந்து போச்சு. பொய் சொல்லாத பொம்பளன்னு இன்னிக்கும் ஒங்கள எல்லாரும் சொல்றாங்க."

மோர் வந்தது. எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கை காட்டினார்.

"அந்த ஆபீசர் முன்னாடி அவ கேக்கலன்னு சொன்னது நீங்கதாங்க. நாங்க அதத்தான் நம்புனோம்."